எல்லாருக்கும் கர்த்தர் பேசுறார், எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் கேக்கல?

சிட்டுக்குருவி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்க ரொம்ப நாளா வந்து படிச்சிட்டு சத்தமில்லாம போயிடுவேன், இன்னைக்குத்தான் கேக்குறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க ஜெபக்குழுவுல எல்லாருக்கும் கர்த்தர் பேசிட்டே இருக்கார். ஒருத்தங்க "காலைல ஆண்டவர் என்கிட்ட சொன்னார்"ங்கிறாங்க, இன்னொருத்தங்க "உனக்கு போன் பண்ணச் சொல்லி உணர்த்தினார், அதான் கூப்பிட்டேன்"ங்கிறாங்க, சாட்சி நேரம் வந்தா ஆளுக்கு ரெண்டு மூணு இருக்கும், நான் மட்டும் பாட்டுப் புஸ்தகத்தைப் புரட்டிட்டு உக்காந்திருப்பேன். சின்ன வயசுல இருந்தே சபைல வளந்தவதான், ஞானஸ்நானம் எடுத்தாச்சு, தினமும் வேதம் வாசிக்கிறேன், ஆனா "கர்த்தர் என்கிட்ட பேசினார்"னு தைரியமா சொல்ற மாதிரி எனக்கு ஒண்ணும் நடந்ததில்ல. முழங்கால்ல நின்னு "பேசும் ஆண்டவரே"ன்னு கண்ணை மூடினா அடுத்த நிமிஷமே ஆபீஸ்ல அனுப்பாம விட்ட மெயில்தான் ஞாபகம் வருது. "என் ஆடுகள் என் சத்தத்துக்குச் செவிகொடுக்கிறது"ன்னு யோவான் 10ல வாசிக்கும்போதெல்லாம், அப்ப நான் அவர் ஆடே இல்லையோன்னு வயித்தைப் பிசையும்.

இப்ப ஏன் அவசரமா கேக்குறேன்னா, ஆபீஸ்ல வேற ஊர்ல ஒரு பெரிய பொறுப்பு குடுக்குறாங்க. வீட்டுக்காரர் போகலாம்ங்கிறார், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் மாத்தணும், என் அம்மா இங்க இருக்காங்க, இப்படி நாலு பக்கமும் இழுக்குது. குழுவுல ஜெபக்குறிப்பா சொன்னேன். அடுத்த கூட்டம் முடிஞ்சதும் குழு நடத்துற அக்கா தனியா கூப்பிட்டு, "கர்த்தர் எனக்குக் காட்டினார், நீ இந்த இடத்தை விட்டுப் போகக்கூடாது, போனா ஆசீர்வாதம் போயிடும்"னு சொல்லிட்டாங்க. அவங்க தப்பானவங்க இல்ல, எனக்காக அழுது ஜெபிக்கிறவங்க, அதனாலதான் தூக்கிப் போடவும் முடியல, ஏத்துக்கவும் முடியல. கர்த்தர் என் விஷயத்தை என்கிட்ட சொல்லாம ஏன் அவங்ககிட்ட சொல்லணும்? இல்ல என் காதுதான் அடைச்சிருக்கா? யாராவது கொஞ்சம் தெளிவா சொல்லுங்க ப்ளீஸ்.

---

பழைய_பைபிள் எழுதியது:

சிஸ்டர், முதல்ல அந்த யோவான் 10 பயத்தை விடுங்க. அந்த வசனத்தை அப்படியே தொடர்ந்து வாசிச்சுப் பாருங்க, "அவைகள் எனக்குப் பின்செல்லுகிறது, நான் அவைகளுக்கு நித்தியஜீவனைக் கொடுக்கிறேன், ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை"ன்னு போகும். தேவாலயத்துல சாலொமோன் மண்டபத்துல அவரைச் சுத்தி நின்னு "நீர் கிறிஸ்துவானால் தெளிவா சொல்லும்"னு கேட்டவங்களுக்கு அவர் சொன்ன பதில் அது. அவர் யாருன்னு ஏத்துக்கிட்டு பின்னால போறவங்களைத்தான் ஆடுங்கிறார், காதுல தனியா சத்தம் கேக்குதாங்கிறது அங்க பேச்சே இல்ல. ஆறுதலுக்கு குடுத்த வசனத்தை யாரோ பரீட்சையா மாத்தி உங்க கைல குடுத்துட்டாங்க.

ரெண்டாவது, "தேவனுடைய சித்தம் இதுதான்"னு வேதம் நேரா சொல்ற இடங்களை எடுத்துப் பாத்திருக்கீங்களா? 1 தெசலோனிக்கேயர் 4:3, நீங்க பரிசுத்தமா இருக்கணும்ங்கிறது. 5:18, எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் செய்யணும்ங்கிறது. எந்த ஊர்ல எந்த வேலைங்கிறது அந்த லிஸ்ட்லயே இல்ல. பவுல் 1 கொரிந்தியர் 16ல தன்னோட பயணத்தைப் பத்தி எழுதுறதைப் பாருங்க, மக்கெதோனியா வழியா வருவேன், ஒருவேளை உங்ககிட்ட குளிர்காலம் முடியற வரைக்கும் தங்குவேன், கர்த்தருக்குச் சித்தமானா கொஞ்ச நாள் இருப்பேன், பெந்தெகொஸ்தே வரைக்கும் எபேசுல இருக்கேன் ஏன்னா இங்க பெரிய கதவு திறந்திருக்கு, விரோதிகளும் நிறைய. அப்போஸ்தலனே "ஒருவேளை"ன்னு எழுதுறார் சிஸ்டர்! வேலை இருக்கு, ஆள் இருக்கு, எதிர்ப்பும் இருக்குன்னு கணக்குப் போட்டு முடிவெடுக்குறார்.

என்னைக் கேட்டா வேதம் போதும். எபிரெயர் 1ஐ வாசிங்க, தேவன் குமாரன் மூலமா பேசிட்டார். மீதிக்கு மூளை குடுத்திருக்கார், மூப்பர்கள் இருக்காங்க, வீட்டுக்காரர் இருக்கார். அந்த அக்கா சொன்னதை மரியாதையா கேட்டுக்கோங்க, அதோட விட்டுடுங்க.

---

தீப்பொறி எழுதியது:

பிரைஸ் தி லார்ட் சிஸ்டர். பழைய பைபிள் பிரதர் சொன்னதுல பாதிதான் ஒத்துக்குவேன், "மீதிக்கு மூளை"ங்கிறது எனக்கு இறங்கல. அதே பவுல்தானே அப்போஸ்தலர் 16ல ஆசியாவுல பேசப் போனா ஆவியானவர் தடுக்குறார், பித்தினியாவுக்குப் போகப் பாத்தா அங்கயும் விடல, கடைசியா துரோவாவுல ராத்திரி ஒரு மக்கெதோனியாக்காரன் "வந்து உதவி பண்ணு"ன்னு கூப்பிடுற தரிசனம் வருது. அந்தியோகியால உபவாசிச்சு ஆராதிச்சிட்டு இருக்கும்போது "பர்னபாவையும் சவுலையும் எனக்காகப் பிரிச்சு விடுங்க"ன்னு ஆவியானவர் சொல்றார். இதெல்லாம் அன்னைக்கோட முடிஞ்சு போச்சுன்னு வேதத்துல எங்கயும் எழுதல.

ஆனா அந்த 16ஆம் அதிகாரத்தையே மெதுவா வாசிச்சுப் பாருங்க. தரிசனம் பாத்தது பவுல் ஒருத்தர்தான். அடுத்த வசனத்துல "கர்த்தர் எங்களை அழைத்தாரென்று நாங்கள் நிச்சயித்துக்கொண்டு"ன்னு வருது. பாத்தவர் பாத்ததைச் சொன்னார், கூட இருந்தவங்க எல்லாரும் சேந்து யோசிச்சாங்க, அப்புறம்தான் கப்பல் ஏறினாங்க. அங்க போயி முதல்ல கிடைச்சது ஆத்தங்கரைல ஜெபம் பண்ணிட்டு இருந்த பொம்பளைங்க, அதுல லீதியாள் ஒருத்தங்க, அதுக்கப்புறம் அடி, ஜெயில், தொழுமரம். சரியான வழிநடத்துதல்னா எல்லாம் சுகமா போகும்னு நினைக்கிறவங்க இதை அடிக்கடி மறந்துடுறாங்க.

இப்ப உங்க விஷயம். எங்க சபைல தீர்க்கதரிசனம் உண்டு, நான் அதை முழுசா நம்புறவன், அதனாலதான் இதைக் கொஞ்சம் காரமாவே சொல்றேன். தனியா கூப்பிட்டு "கர்த்தர் காட்டினார், போனா ஆசீர்வாதம் போயிடும்"னு சொல்றது சரியான முறை இல்ல. 1 கொரிந்தியர் 14:29ல ரெண்டு மூணு பேர் பேசலாம், மத்தவங்க நிதானிக்கணும்னு இருக்கு. நிதானிக்க ஆள் இல்லாத இடத்துல சொன்னா யாரு நிதானிக்கிறது? எங்க பாஸ்டர் இதுல கறாரு, கல்யாணம், வேலை, பணம் இந்த மூணைப் பத்தியும் யாரும் யாருக்கும் தனியா தீர்க்கதரிசனம் சொல்லக்கூடாது, சொல்லியே ஆகணும்னா மூப்பர் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், சொன்னதை எழுதி வச்சுக்கணும். எழுதி வைக்கணும்னு சொன்ன உடனே பாதிப் பேர் குறைஞ்சிட்டாங்க, அது வேற கதை.

1 ராஜாக்கள் 13ஐ ஒரு தடவை வாசிங்க. யூதால இருந்து பெத்தேலுக்கு வந்த தேவமனுஷனுக்கு கர்த்தர் நேரா சொல்லியிருந்தார், அங்க சாப்பிடாத, தண்ணி குடிக்காத, வந்த வழியா திரும்பாத. ராஜா கூப்பிட்டே போகாத ஆளு, ஒரு கிழவன் தீர்க்கதரிசி வந்து "நானும் உன்னைப் போல தீர்க்கதரிசிதான், தூதன் என்கிட்ட சொன்னான், வா வீட்டுக்கு"ன்னதும் போயிட்டார். அது பொய். திரும்பி வர்ற வழில சிங்கம் அடிச்சுக் கொன்னுடுச்சு. உங்க அக்கா பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொருத்தருக்கு வந்துச்சுங்கிறதுக்காக மட்டும் நீங்க நடக்க வேண்டியதில்லன்னு சொல்றேன். சோதிச்சுப் பாக்குறது அவிசுவாசம் இல்ல, கட்டளை. 1 தெசலோனிக்கேயர் 5:19ல இருந்து 21 வரைக்கும் பாருங்க, ஆவியை அவிச்சுப்போடாதீங்க, தீர்க்கதரிசனத்தை அற்பமா எண்ணாதீங்க, எல்லாத்தையும் சோதிச்சுப் பாருங்க, மூணும் ஒரே மூச்சுல வருது.

---

கிணத்துத்_தவளை எழுதியது:

ஒரு சந்தேகம் தீப்பொறி அண்ணா. அப்போஸ்தலர் 21:4ல தீரு பட்டணத்து சீஷர்கள் "ஆவியின் ஏவுதலினாலே" பவுலை எருசலேமுக்குப் போக வேண்டாம்னு சொன்னாங்கன்னு போட்டிருக்கே. ஆனாலும் அவர் போனாரே. அப்ப பவுல் ஆவியானவருக்குக் கீழ்ப்படியலையா? சண்டைக்குக் கேக்கல, நிஜமாவே புரியல.

---

தீப்பொறி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி, இதுல தலையைப் பிச்சுக்கிட்டவங்க நிறைய பேர். நான் புரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான். அதுக்கு முந்தின அதிகாரத்துலயே பவுல், பட்டணந்தோறும் கட்டும் உபத்திரவமும் இருக்குன்னு ஆவியானவர் தெரிவிக்கிறார், ஆனா நான் ஆவியில் கட்டுண்டவனா எருசலேமுக்குப் போறேன்னு சொல்லிடுறார். செசரியால பிலிப்பு வீட்டுக்கு வந்த அகபுங்கிற தீர்க்கதரிசி பவுலோட கச்சையை எடுத்து தன் கையையும் காலையும் கட்டிக்கிட்டு, "இந்தக் கச்சைக்காரனை இப்படிக் கட்டுவாங்க"ன்னு சொன்னதோட நிறுத்திக்கிட்டார். போகாதேன்னு அவர் சொல்லல. அழுது கெஞ்சினது சுத்தி இருந்த மத்தவங்க, அதுல லூக்காவும் சேத்தி, "நாங்களும் அவ்விடத்தாரும்"னு அவரே எழுதியிருக்கார். ஆவியானவர் ஆபத்தைக் காட்டினார், பாசம் அதை "போக வேண்டாம்"னு முடிவு கட்டிடுச்சு. தீருவுலயும் அதுதான் நடந்திருக்கும்னு நான் நினைக்கிறேன், வேற மாதிரி விளக்கம் சொல்றவங்களும் இருக்காங்க.

சிட்டுக்குருவி சிஸ்டர், இதுல உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. அந்த அக்காகிட்ட போயி, அவங்க பாத்தது என்ன, அதுல இருந்து அவங்களா எடுத்துக்கிட்ட முடிவு என்னன்னு தனித்தனியா கேளுங்க. கோவமா இல்ல, பாசமா.

---

இனிகோ_தோழன் எழுதியது:

நான் கத்தோலிக்கன், இங்க எழுதலாம்தானே? :) வார்த்தைகள் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க பக்கம் இதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. 1521ல பம்பலோனா சண்டைல பீரங்கிக் குண்டு பட்டு ஒரு ஸ்பெயின் வீரனுக்குக் கால் எலும்பு நொறுங்கிப் போச்சு, லொயோலாவுல வீட்டுல மாசக்கணக்குல படுக்கைல கிடக்குறார். அவர் கேட்டது வீரசாகசக் கதைப் புத்தகம், வீட்டுல இருந்தது இயேசுவோட வாழ்க்கையும் புனிதர்கள் வாழ்க்கையும்தான். வேற வழியில்லாம அதைப் படிச்சார். படிக்காத நேரத்துல பகல்கனவு. ஒரு பெரிய இடத்துப் பொண்ணுக்காக என்னென்ன சாகசம் பண்ணலாம்னு மணிக்கணக்குல நினைப்பார், அப்புறம் பிரான்சிஸ் மாதிரி தோமினிக் மாதிரி நாமும் இருந்தா என்னன்னு நினைப்பார். ரெண்டு கனவும் காணும்போது சுகமாத்தான் இருந்துச்சு. முடிஞ்ச பிறகுதான் வித்தியாசம், முதல் கனவு கலைஞ்சதும் மனசு காஞ்சு வெறுமையா ஆயிடும், ரெண்டாவது கலைஞ்ச பிறகும் சந்தோஷம் தங்கும். இதை ஒரு நாள் சட்டுன்னு கவனிச்சார். அவர்தான் புனித இஞ்ஞாசியார், ஆவிகளைத் தேர்ந்து தெளியறதைப் பத்தி அவர் பிற்பாடு எழுதின விதிகளுக்கெல்லாம் விதை விழுந்தது அந்தப் படுக்கைலதான்.

சகோதரி, குரல் கேக்கணும்னு காத்திட்டு இருக்காம நீங்களும் அதைப் பண்ணிப் பாருங்க. கொஞ்ச நாள் "போறதுன்னு முடிவு பண்ணிட்டோம்"னு மனசுக்குள்ள வச்சுக்கிட்டு சமையல், ஆபீஸ், செபம் எல்லாம் செய்யுங்க. அப்புறம் கொஞ்ச நாள் "போகலன்னு முடிவு"ன்னு வச்சுக்கிட்டு இருங்க. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ஆன்ம சோதனை மாதிரி அந்த நாளைத் திருப்பிப் பாருங்க, எந்த நேரத்துல அன்பு செய்ய லேசா இருந்துச்சு, எப்ப மனசு சுருங்கி எரிச்சலா இருந்துச்சுன்னு. ஒரு நாள் உணர்ச்சியை வச்சு முடிவு பண்ணிடாதீங்க, தூக்கம் கெட்டாலே எல்லாம் இருட்டாத்தான் தெரியும். மனசு வறண்டு கிடக்கும்போது ஏற்கெனவே எடுத்த நல்ல முடிவை மாத்தக்கூடாதுன்னு இஞ்ஞாசியாரே விதி வச்சிருக்கார். வறட்சி வந்தா கடவுள் போயிட்டார்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு, எலியா தீர்க்கதரிசியைப் பத்தி. ஆண்டவர் அவர்கிட்ட அமர்ந்த மெல்லிய சத்தத்துல பேசினதைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நடந்ததைப் பாருங்க, மனுஷன் ஓடிக் களைச்சு ஒரு செடி அடில படுத்து "போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கோ"ங்கிறார். தூதர் வந்து உபதேசம் எதுவும் பண்ணல, எழுப்பி சாப்பிட வச்சு மறுபடியும் தூங்க விட்டார், ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிட வச்சார், அதுக்குப் பிறகுதான் ஓரேபு மலைப் பயணம். அங்க அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்டு முகத்தை மூடிக்கிட்டு குகை வாசல்ல நின்னப்ப வந்தது பெரிய ரகசியம் எதுவும் இல்ல, "இங்கே உனக்கு என்ன வேலை?"ங்கிற கேள்விதான். அப்புறம் போயி ஆசகேல், யெகூ, எலிசா மூணு பேரையும் அபிஷேகம் பண்ணுன்னு வேலை குடுத்து அனுப்பிட்டார்.

---

பேர்_வேண்டாம் எழுதியது:

தப்பான இடத்துல கேக்குறேனோ தெரியல. எனக்கு இதுக்கு நேர் எதிர் பிரச்சினை, குரல் நிறுத்தவே மாட்டேங்குது. ஜெபத்துல உக்காந்தா தேவனைத் தூஷிக்கிற மாதிரி அசிங்கமான வார்த்தைங்க மனசுல வருது, உடனே மன்னிப்பு கேக்குறேன், சரியா கேட்டேனான்னு சந்தேகம் வருது, மறுபடியும் கேக்குறேன், இப்படியே ஒரு மணி நேரம் போயிடும். "இப்ப எந்திரிச்சு அந்த வசனத்தை திரும்ப வாசி இல்லன்னா உன் பிள்ளைக்கு ஏதாவது ஆகும்"னு தோணும், வாசிச்சாத்தான் விடும். இது கர்த்தர் எச்சரிக்கிறதா, சாத்தானா? சபைல சொன்னா பிசாசு பிடிச்சிருக்குன்னு சொல்லிடுவாங்கன்னு பயமா இருக்கு.

---

நைட்_டியூட்டி எழுதியது:

பேர் வேண்டாம், நீங்க சரியான இடத்துலதான் கேட்டிருக்கீங்க. நான் மனநலப் பிரிவுல நர்ஸ், விசுவாசியும்தான். நீங்க எழுதினதை நேர்ல பாக்காம இதுதான்னு நான் சொல்ல முடியாது, ஆனா இதே மாதிரி வந்து உக்காந்து அழறவங்களை நிறைய பாத்திருக்கேன். ஓசிடின்னு ஒரு மனநலப் பிரச்சினை இருக்கு, சிலருக்கு அது கை கழுவுறதுல வரும், சிலருக்கு பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்குறதுல வரும், பக்தி உள்ளவங்களுக்கு ஜெபத்துலயும் பாவமன்னிப்புலயும் வந்து உக்காந்துக்கும். எது உங்களுக்கு ரொம்ப உயர்வோ அதைத்தான் அது பிடிக்கும். அந்த எண்ணம் வந்ததும் நீங்க துடிக்கிறீங்க பாருங்க, அதுவே அது உங்க விருப்பம் இல்லன்னு காட்டுது. அதை நிறுத்தணும்னு எவ்வளவு போராடுறீங்களோ, மன்னிப்பை எத்தனை தடவை திருப்பிச் சொல்றீங்களோ, அவ்வளவு பலமா திரும்ப வரும். இதுக்கு மருந்து இருக்கு, பேச்சு சிகிச்சையும் இருக்கு, நல்லா குணமாகிறவங்க இருக்காங்க.

உங்களுக்கு முன்னாடி பெரிய பெரிய ஆளுங்க இதுல மாட்டியிருக்காங்க. 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல ஜான் பனியன்னு ஒரு பிரசங்கியார், "அவரை விற்றுப்போடு, விற்றுப்போடு"ன்னு கிறிஸ்துவை விக்கச் சொல்ற எண்ணம் அவருக்கு ராப்பகலா ஓடிட்டே இருந்துச்சாம், விக்கமாட்டேன் விக்கமாட்டேன்னு பதில் சொல்லியே ஓய்ஞ்சு போனார், அவரே எழுதி வச்சிருக்கார். மேல இனிகோ தோழன் சொன்ன இஞ்ஞாசியாரும் மன்றேசால இருந்தப்ப, செஞ்ச பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கை பண்ணி, போதவே இல்லன்னு நொந்து உயிரை விடலாமான்னு யோசிக்கிற வரைக்கும் போனார். ஆவிகளைப் பகுத்தறிய ஊருக்கே சொல்லிக்குடுத்த ஆளுக்கே அப்படி. அதனால வெக்கப்படாதீங்க, நல்ல சைக்யாட்ரிஸ்ட் ஒருத்தரைப் பாருங்க, இந்த மெசேஜையே அப்படியே காட்டுங்க போதும். ஜெபத்தை விடச் சொல்லல, மன்னிப்பு ஒரு தடவை கேட்டா போதும், ரெண்டாவது தடவை கேக்கச் சொல்ற உந்துதல் வரும்போது அதுக்குப் பணிஞ்சு போகாதீங்க. கஷ்டமா இருக்கும். டாக்டரோட சேந்து பண்ணா முடியும்.

பொதுவாவும் ஒண்ணு சொல்லிடுறேன். பக்கத்துல ஆள் பேசுற மாதிரி காதுலயே குரல் கேட்டு, அது உங்களையோ மத்தவங்களையோ காயப்படுத்தச் சொல்லுதுன்னா, இல்ல சாப்பிடாதே தூங்காதேன்னு சொல்லுதுன்னா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட ஒருத்தர் இருக்கணும். அதுக்கு ஜெபக்குழுவுல விளக்கம் தேடிட்டு நாளைக் கடத்தக்கூடாது.

---

பேர்_வேண்டாம் எழுதியது:

அழுதுட்டேன். தேங்க்ஸ் அக்கா. என் அண்ணன்கிட்ட சொல்லப் போறேன், அவன் கூட்டிட்டுப் போவான்.

---

சிட்டுக்குருவி எழுதியது:

பேர் வேண்டாம், உங்களுக்காக ஜெபிக்கிறேன், போயிட்டு வந்து எப்படி இருக்கீங்கன்னு எழுதுங்க.

எல்லாருக்கும் நன்றி. பழைய பைபிள் அண்ணா, யோவான் 10ஐ முழுசா வாசிச்சேன், அந்தக் கல்லு இறங்கிடுச்சு. ஆனா ஒரு ஆசை வந்துட்டே இருக்கு, ஒரு அடையாளம் கேட்டுப் பாத்தா என்ன? கிதியோன் ராத்திரி ஆட்டுத்தோலைப் போட்டு, அதுல மட்டும் பனி விழணும்னு கேட்ட மாதிரி. இல்லன்னா சீட்டு எழுதிப் போட்டு எடுத்தா? பைபிளைக் கண்ணை மூடித் திறந்தா வர்ற வசனம்? தோழி ஒருத்தி அப்படித்தான் எல்லாத்துக்கும் பண்ணுவா.

---

பழைய_பைபிள் எழுதியது:

கிதியோனுக்குக் கர்த்தர் ஏற்கெனவே தெளிவா சொல்லியாச்சு சிஸ்டர், "நீர் சொன்னபடி என் கையினாலே இஸ்ரவேலை இரட்சிப்பீரானால்"னு அவரே ஆரம்பிக்கிறார். தெரியாததைத் தெரிஞ்சுக்க தோலைப் போடல, தெரிஞ்சதைச் செய்யப் பயந்து போட்டார். கர்த்தர் அவர் பயத்துக்கு இரங்கினார், அதுக்காக அது நமக்கு முறை ஆயிடாது.

சீட்டு விஷயம் சுவாரசியமானது. மொரேவியன் சபையார் ஒரு காலத்துல கல்யாணத்துக்குக்கூட சீட்டு போட்டாங்க. மெதடிஸ்ட் சபையை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி ஜார்ஜியாவுல இருந்தப்ப 1737ல ஒரு பொண்ணைக் கட்டிக்கலாமா வேண்டாமான்னு குழம்பி மூணு சீட்டு எழுதினார், கல்யாணம் பண்ணு, இந்த வருஷம் யோசிக்காதே, இனிமே இதை நினைக்கவே நினைக்காதே. மூணாவதுதான் வந்துச்சு. அந்தப் பொண்ணு வேற ஒருத்தரைக் கட்டிக்கிச்சு, அதுக்குப் பிறகு வெஸ்லி அவளுக்கு நற்கருணை குடுக்க மறுத்து, அது கோர்ட்டு வரைக்கும் போயி, மனுஷன் அந்த வருஷமே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாச்சு. சீட்டு எடுத்தவர் மனசு ஆறல பாருங்க. பைபிளைத் திறந்த பக்கத்துல வாசிச்சு மனந்திரும்பின அகஸ்டினும் உண்டு, 386ல மிலான்ல ஒரு தோட்டத்துல, "எடுத்து வாசி"ன்னு ஒரு குழந்தை குரல் கேட்டுத்தான் ரோமர் 13ஐ எடுத்தார். ஆனா அவருக்கு அங்க கிடைச்சது "களியாட்டத்தை விடு, கிறிஸ்துவைத் தரிச்சுக்கோ"ங்கிறது, அது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அவருக்குப் பொருந்துற கட்டளைதான். எந்த வேலைக்குப் போறதுன்னு அவர் அதுல பாக்கல.

நான் வேதம் போதும்னு சொன்னதால உங்களுக்கு வேதத்துல இருந்தே ஒரு இடம் தர்றேன், இதைத்தான் முதல் பதில்லயே எழுதியிருக்கணும். எரேமியா 42. எருசலேம் விழுந்தாச்சு, பாபிலோன்காரன் அதிபதியா வச்ச கெதலியாவையும் கொன்னுட்டாங்க, மிச்சம் இருந்த ஜனம் பாபிலோன்காரனுக்குப் பயந்து எரேமியாகிட்ட வந்து, "நாங்க போக வேண்டிய வழியைக் கர்த்தர்கிட்ட கேட்டுச் சொல்லு, நன்மையானாலும் தீமையானாலும் கேட்டு நடப்போம்"னு சத்தியம் பண்றாங்க. கேக்கவே நல்லாருக்கு இல்ல? பதில் எப்ப வந்துச்சு தெரியுமா, பத்து நாள் கழிச்சு. எரேமியாவே பத்து நாள் சும்மா காத்திருந்தார்! அந்தப் பத்து நாளும் ஜனம் அந்தப் பக்கம் பயத்துல நடுங்கிட்டு இருக்கு, அவர் ஏதாவது ஒண்ணைச் சொல்லி அனுப்பியிருக்கலாம், அனுப்பல. வந்த பதில் "இந்த தேசத்துலயே இருங்க, எகிப்துக்குப் போகாதீங்க". உடனே அவங்க "நீ பொய் சொல்ற, பாருக்குதான் உன்னை ஏவி விட்டான்"னு சொல்லிட்டு எகிப்துக்கே கிளம்பிட்டாங்க. பெத்லகேம் பக்கத்துல எகிப்துக்குப் போற வழில ஏற்கெனவே வந்து தங்கிட்டுத்தான் கேள்வியே கேட்டாங்க, அதுக்கு முந்தின அதிகாரத்தோட கடைசில இருக்கு பாருங்க. மூட்டையைக் கட்டிட்டு வந்து சித்தம் கேட்டவங்க.

அதனால அடையாளம் கேக்குறதுக்கு முன்னாடி நீங்க உங்களையே கேக்க வேண்டியது, ரெண்டு பதில்ல எது வந்தாலும் எனக்குச் சம்மதமா, இல்ல மூட்டை ஏற்கெனவே கட்டியாச்சா? அந்த அக்காவும் தனக்கு இதைக் கேட்டுக்கலாம், நீங்க போறது அவங்களுக்கு இழப்பு இல்லையா.

---

தீப்பொறி எழுதியது:

பிரதர் இப்ப சொன்னது முழுசா ஆமென். ஆனா பாருங்க, அங்கயும் கர்த்தர் பேசித்தான் இருக்கார் :) எரேமியாவுலயே இன்னொண்ணு உண்டு, 32ஆம் அதிகாரம். காவல்ல இருக்கும்போது "உன் பெரியப்பன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்து நிலத்தை வாங்கிக்கோன்னு சொல்வான்"னு ஒரு வார்த்தை வருது. அதேபடி அவன் வந்து நிக்கிறான். அப்பதான் எரேமியா "அது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்"னு எழுதுறார். அத்தனை வருஷம் தீர்க்கதரிசியா இருந்த ஆளே ஆள் வாசல்ல வந்து நின்ன பிறகுதான் உறுதி பண்ணிக்கிறார். அப்புறம் யோசிக்காம 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் குடுத்து, சாட்சி வச்சு, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, மண்பானைல வச்சுட்டார். சுத்தி எதிரி முற்றுகை, அந்த நிலத்துக்கு அன்னைக்கு என்ன விலை இருந்திருக்கும்?

---

பழைய_பைபிள் எழுதியது:

நீங்களும் நானும் இதுல ஒத்துப்போக மாட்டோம் பிரதர், எரேமியா தீர்க்கதரிசி, நானும் நீங்களும் இல்ல. ஆனா பத்திரம் எழுதி வச்சது எனக்குப் பிடிச்சிருக்கு.

---

சிட்டுக்குருவி எழுதியது:

கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன். ஆபீஸ்ல இன்னும் கொஞ்சம் டைம் கேட்டு வாங்கிட்டேன். தீப்பொறி அண்ணா சொன்ன மாதிரி அக்காவைப் பாக்கப் போனேன், போற வழியெல்லாம் கை நடுக்கம். "அக்கா, நீங்க சொன்னதை நான் அற்பமா நினைக்கல, ஆனா நீங்க என்ன பாத்தீங்க, அதை மட்டும் அப்படியே சொல்லுங்க"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, எனக்காக ஜெபிக்கும்போது நான் ஒரு பெரிய கூட்டத்துக்கு நடுவுல தனியா நின்னு அழற மாதிரி மனசுல வந்துச்சாம். அவ்வளவுதான். "போகக்கூடாது"ங்கிறது? "அது எனக்கு அப்படித்தான் அர்த்தம் ஆச்சும்மா". ஆசீர்வாதம் போயிடும்னு சொன்னதுக்கு அவங்களே சாரி சொல்லிட்டாங்க, "நீ போயிட்டா இந்தக் குழுவுல எனக்கு யாருடி இருக்கா"ன்னு அழுதாங்க, நானும் அழுதேன்.

அவங்க பாத்தது பொய்னு இப்பவும் எனக்குத் தோணல. எனக்கு ஆபீஸ், வீடு எல்லாம் யோசிக்கத் தெரிஞ்சுது, போற ஊர்ல எனக்கு ஒரு சபையும் தெரியாது, ஒரு மனுஷரும் தெரியாதுங்கிறதை நான் யோசிக்கவே இல்ல. வீட்டுக்காரரும் யோசிக்கல. இனிகோ தோழன் சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் மனசுல வச்சு நடந்து பாத்தேன், போறதுன்னு வச்சுக்கிட்ட நாள்ல எல்லாம் லேசாத்தான் இருந்துச்சு, அம்மாவை நினைக்கும்போது மட்டும் இறுக்கும், அம்மாகிட்டயே கேட்டேன், "நான் வர்றேன்டி, என்னை ஏன் கேக்கல"ங்கிறாங்க!! இன்னும் முடிவு சொல்லல. மூப்பர் ஒருத்தரையும் அவர் மனைவியையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கோம், அவங்க முன்னாடி எல்லாத்தையும் வச்சுப் பேசிட்டுத்தான் ஆபீஸுக்கு பதில்.

இன்னும் குரல் எதுவும் கேக்கல, மெயில்தான் ஞாபகம் வருது, சிரிச்சுக்கோங்க. அந்த மெயிலை முதல்ல அனுப்பிட்டு வந்து உக்காருறேன் இப்பல்லாம்.

இன்னொரு கேள்வி, தெரியாத ஊர்ல நல்ல சபையா எப்படிக் கண்டுபிடிக்கிறது? எதை எதைப் பாக்கணும்?

---

பழைய_பைபிள் எழுதியது:

அது புது தலைப்பா போடுங்க சிஸ்டர், நிறைய பேருக்கு உதவும். ஒண்ணு மட்டும் இப்பவே, முதல் தடவை போகும்போது பிரசங்கம் முடிஞ்சதும் கிளம்பிடாம கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க, புதுசா வந்தவங்ககிட்ட யாரு வந்து பேசுறாங்கன்னு பாருங்க. ஊர் பேரை இங்க போடாதீங்க, தனி மெசேஜ்ல அனுப்புங்க, அந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்.

---

தீப்பொறி எழுதியது:

எனக்கும் அனுப்புங்க சிஸ்டர், பிரதர் அனுப்புற சபைல கை தட்டக்கூட விடமாட்டாங்க :)